விமானத்தின் இடப்பக்கம்

நாற்பதைத் தாண்டிவிட்டோம். யார் யாருக்கு எந்த மூட்டில் வலி என்று விசாரித்துக்கொள்ளும் வயது வந்துவிட்டது. ஆனாலும் நம் வகுப்புக் குழுவில் மாதத்துக்கு ஒருமுறை யாராவது, எட்டாம் வகுப்பு முடிந்த அந்தத் தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடை லீவை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். வாய்க்காலில் குளித்ததையும் திராட்சைத் தோட்டத்தில் விரட்டு வாங்கியதையும் சொல்லி முடித்ததும், உத்தமபாளையம் பைபாஸில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஆபீஸ் திறப்பு விழாவன்று நடந்த ரகளைக்கு வந்து நிற்கிறீர்கள். ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தோம், கண்ணாடி உடைந்தது, ஓடினோம் என்று எழுதுகிறீர்கள். போட்டிக்காரன் ஆள் வைத்துச் செய்ததாக ஒருத்தி சொல்கிறாள். கட்சித் தகராறு என்று இன்னொருத்தர் அடித்துச் சொல்கிறார். நான் இதுவரை ஒரு வார்த்தை பதில் போட்டதில்லை. உங்களுக்கு அது சிரித்துப் பேசுகிற சங்கதி. எனக்கு அந்தக் கோடை என்றதும் தொண்டையில் தின்னர் வாடை ஏறி எரியும்.

இப்போது சொல்கிறேன். ஒருமுறைதான் சொல்வேன்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. எனக்கு மாமு. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வயதில், அந்த ஏஜென்ட் மூலமாக வளைகுடா நாட்டுக்குப் போனார். பெரிய கடை ஒன்றுக்கு வேன் ஓட்டும் வேலை என்றுதான் ஏஜென்ட் சொல்லியிருந்தார். மூன்று மாதம் கடிதம் வந்தது. கடையைப் பற்றி ஒரு வரிகூட அந்தக் கடிதங்களில் இல்லை என்பதை, நான் படிக்கக் கேட்ட அம்மாதான் முதலில் கவனித்தாள். பிறகு கடிதமும் நின்றது.

ஒரு வருடம் கழித்து, லீவில் வந்த சின்னமனூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பாலைவனத்து ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் மாமுவைப் பார்த்ததாகச் சொன்னார். ஆடு ஏற்றிய வண்டியின் பின்பக்கம், ஆடுகளோடு நின்றாராம். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறதாம். தமிழ் பேசியதைக் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம். அக்காவிடம் நன்றாக இருப்பதாகச் சொல்லச் சொன்னாராம். வந்தவர் நல்ல மனிதர், இரண்டையும் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் ஏஜென்ட் வீட்டு கேட்டில் போய் நின்றாள். அங்கே அவளைப் போலவே இன்னும் சில பேர் நின்றார்கள். ஜெயமங்கலத்திலிருந்து ஒரு தாய், பழனிசெட்டிபட்டியிலிருந்து கல்யாணமாகி நான்கு மாதத்தில் புருஷனை அனுப்பிவைத்த பெண், பொட்டிப்புரத்திலிருந்து ஒரு பெரியவர். எல்லாருமாகச் சேர்த்து அனுப்பிவைத்தது ஒன்பது ஆட்கள், ஒன்பது பேரிடமிருந்தும் தகவல் இல்லை. அம்மாவுக்கு எழுத வராது என்பதால் நான்தான் அந்த ஒன்பது பேரின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். ஏஜென்ட் அதை வாங்கி, படிக்காமலே நான்காகக் கிழித்து கேட் கம்பி வழியாக வெளியே போட்டார். அம்மா பொறுக்கிக்கொண்டு வந்தாள். மறுபடி எழுதினேன். மறுபடி கிழித்தார். மூன்றாவது தடவை எழுதும்போது எனக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம் ஆகியிருந்தன.

என்னைப் பெற்ற அத்தா, ஜீப், வேன்களுக்கு டிங்கரிங் செய்யும் பட்டறையில் பெயின்டர். ஸ்ப்ரே கன் பிடித்தால் ஓரிடத்தில் திட்டு விழாது என்று பேர் எடுத்தவர். அதிகம் பேசமாட்டார். அம்மா கேட்டில் நின்றுவிட்டு வந்து கத்தி அழும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் மாமுவுக்காக ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை என்பது அம்மாவின் முடிவு. என் முடிவும் அதுதான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம், அத்தா சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே ஐந்து விமான பொம்மைகள். பொம்மை என்றால் குழந்தை விளையாடுவதில்லை. டிக்கெட் ஆபீஸ்களில் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருப்பார்களே, நிஜ விமானத்தை அப்படியே அளவு குறைத்துச் செய்தது, அந்த மாதிரி. பெரியது இரண்டடிக்கு மேல் நீளம். எங்கோ மூடிப்போன ஆபீஸிலிருந்து வந்தவை. ஒன்றுக்கு இறக்கை தோளோடு முறிந்திருந்தது. இரண்டுக்கு என்ஜின்கள் இல்லை. வெள்ளையாக இருந்த உடம்பெல்லாம் பழைய பல் மாதிரி மஞ்சளாகியிருந்தது. வாலில் இருந்த படங்கள் வெடித்து உரிந்துகொண்டிருந்தன.

யாருடையது என்று அம்மா கேட்டாள். ஏஜென்ட் புது ஆபீஸ் திறக்கிறார், அங்கே வைக்கச் சரிசெய்து கேட்டிருக்கிறார் என்றார் அத்தா.

அம்மா கத்தவில்லை. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "அந்தப் பெட்டி இந்த வாசலத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிருவேன்னு உங்க அத்தாகிட்டச் சொல்லு."

அத்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிப்படி வழியாக மொட்டை மாடிக்குப் போனார். அன்றைக்குப் பிறகு ஆறு வாரம் அம்மா அவரோடு நேரில் பேசவில்லை. சோறு போட்டு மூடிவைத்துவிட்டுப் போய்விடுவாள். சொல்ல வேண்டியதையெல்லாம் என் வழியாகச் சொல்வாள். நானும் ஒரு சொல் விடாமல், முடிந்தால் இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்து, சொல்லி வந்தேன்.

ஆனால் மாடி வேலைக்கு என்னைத்தான் கூப்பிட்டார். முடியாது என்று சொல்லும் தைரியம் அப்போது எனக்கில்லை.

தகரக் கொட்டகைக்குக் கீழே, மத்தியான வெக்கையில் வேலை நடந்தது. முதலில் பழைய பெயின்டை எடுக்க வேண்டும். பெரியவை நான்கும் ஃபைபர் என்பதால் தின்னர் தொட்டுத் துடைக்கத் தாங்கின. சின்னது பிளாஸ்டிக். அத்தா அது தெரியாமல் தின்னர் துணியை வாலில் வைத்ததும், வால் மிட்டாய் மாதிரி இளகித் துணியோடு வந்தது. அவர் கெட்ட வார்த்தை சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு அந்த வாலைத் தேக்குச் சில்லில் செதுக்கி ஒட்டினார். முறிந்த இறக்கைக்குள் சைக்கிள் கம்பியைச் சொருகிப் பசை வைத்தார். இல்லாத என்ஜின்களுக்கு, ஸ்டுடியோவில் தூக்கிப்போடும் பிலிம் ரோல் டப்பாக்களை வாங்கி வரச் சொல்லி, அடியை அறுத்து, முன்வாயைச் சூடுகாட்டி வளைத்தார். ஜீப்புக்குப் பூசும் அதே பட்டியைப் பூசி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அது என் வேலை. விரல் நுனித் தோல் தேய்ந்து, சோற்றில் கை வைத்தால் எரியும். எரிவதை அம்மா பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போவாள்.

வெள்ளை அடித்து முடித்ததும் விமானங்கள் குளித்துவிட்டு வந்த மாதிரி நின்றன. அப்போதுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. ஜன்னல் வரிசை, கம்பெனிப் பெயர், வாலில் பறவை, எல்லாம் போட வேண்டும். அத்தாவின் கை பெரிய வேலைக்குப் பழகியது. தின்னரிலேயே இருபது வருடம் ஊறியதில் சின்ன பிரஷ் பிடித்தால் விரல் நடுங்கியது. வண்டிக்கு ஒட்டும் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டிப் பார்த்தார். வளைந்த மூக்கில் அது சுருங்கி எழும்பியது. பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பு தடிமனாகத் தெரிந்தது.

பபிள்கம்மோடு ஒரு தாள் வருமே, கையில் வைத்துத் தண்ணீர் தடவினால் படம் மட்டும் ஒட்டிக்கொள்ளுமே, அதை நான்தான் சொன்னேன். அத்தா என் கையில் இருந்த பழைய படத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மறுநாள் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையிலிருந்து, பார்சல் ஒட்டும் காக்கிப் பசைத்தாள் ஒரு சுருள் வாங்கி வந்தார். நாக்கால் நனைத்து ஒட்டுவோமே, அது. பசைப்பக்கம் மேலே இருக்கும்படி பலகையில் அதை விரித்து ஒட்டி, வண்டிக்கு அடிக்கும் நிறமில்லாத லாக்கர் வார்னிஷை அதன் மேல் அடித்தார். காய்ந்ததும் அதன்மேல் நான் எழுத வேண்டும். எழுத்தின்மேல் இன்னொரு பூச்சு. பிறகு கத்தரித்துத் தண்ணீரில் போட்டால், பசை கரைந்து தாள் கீழே நின்றுவிடும், எழுத்து மட்டும் கண்ணாடித் தோல் மாதிரி நழுவி வரும்.

முதல் தடவை ஒரே ஒரு பூச்சு அடித்திருந்தார். பாலாடை மாதிரி கிழிந்து விரலில் சுருண்டது. மூன்று பூச்சு அடித்தபோது நின்றது. ஈரத்தோடு விமானத்தின் உடம்பில் வைத்து, விரலால் நகர்த்தி, பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்தால், கம்பெனியிலேயே அச்சடித்து வந்தது போல இருக்கும். அந்த நிமிடத்தில் நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கக் கூடாது. அடுத்த நிமிடமே அது யாருக்கான வேலை என்று ஞாபகம் வரும். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கும்.

அத்தா பாராட்டவில்லை. ஓர் எழுத்து அரைநூல் சாய்ந்திருந்தாலும் நகத்தால் சுரண்டிவிட்டு, "திரும்ப" என்பார். ஜன்னல் வரிசை ஒன்றை ஏழு முறை வரைந்தேன். ஏழாவது முறை, நான் அழுதுகொண்டே வரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார், போதும் என்று சொல்லவில்லை.

இதற்கிடையே கேட்டில் நிற்கிற பெண்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உன் புருசன் அவனுக்குப் பெயின்ட் அடிக்கிறான், நீ என்ன இங்கே வந்து எங்களோடு நிற்கிறாய் என்று ஜெயமங்கலத்துத் தாய் அம்மாவைக் கேட்டாளாம். பழனிசெட்டிபட்டிப் பெண் அம்மா நின்ற இடத்தில் எச்சில் துப்பினாளாம். அம்மா திரும்பி வந்து, முற்றத்தில் உட்கார்ந்து, முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து கேட்டுக்குப் போகவில்லை. எங்கேயும் போகவில்லை.

மே மாதக் கடைசியில் ஏஜென்ட் வேலையைப் பார்க்க மாடிக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. விமானங்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எழுத்து யார் போட்டது என்று கேட்டார். அத்தா என்னைக் காட்டினார்.

"அச்சுல அடிச்ச மாதிரி இருக்கேத்தா" என்றார் ஏஜென்ட்.

நான் தலையைத் தூக்கி, "எங்க மாமு எப்ப வருவாக?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் அத்தாவைப் பார்த்துச் சிரித்தார். "மெத்தையில படுக்கலாம்னு போயிருப்பாப்ல போல. ஆடு மேய்க்கிறதும் வேலைதானப்பா?"

அத்தாவும் சிரித்தார். சின்னச் சிரிப்பு, மூக்கால் காற்று விட்ட மாதிரி. ஆனால் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அன்று சாயங்காலமே பசைத்தாளில் ஒரு முழம் கத்தரித்து என் பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன்.

மூன்று மத்தியானம் ஆனது. அத்தா பட்டறைக்குப் போனபிறகு, வாலுக்கு வாங்கிய சிவப்புப் பெயின்டில், ஒவ்வொரு பெயராக எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், ஊர். இந்த முறை யாரும் திரும்ப எழுதச் சொல்லவில்லை. நானேதான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, மூன்று தடவை எழுதினேன். ஒன்பதும் முடிந்தபிறகு, இன்னொரு துண்டில் பெரிதாக "இவர்கள் எங்கே" என்று எழுதினேன்.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும். ஏஜென்ட் கடைசி நேரத்தில் தன் ஆபீஸ் பெயரை மாற்றியிருந்தார். அந்தப் புதுப் பெயரை ஐந்து விமானங்களின் இடப்பக்கத்திலும் தமிழில் போட வேண்டும் என்று முதல்நாள்தான் சொல்லி அனுப்பினார். அதனால் அன்று காலை அத்தாவும் நானும் ஆபீஸுக்கே போனோம். வாசலுக்கு எதிரே கண்ணாடி அலமாரி. உள்ளே நுழைகிறவர்களுக்கு விமானங்களின் இடப்பக்கம் தெரியும்படி ஐந்தையும் அத்தா ஸ்டாண்டில் பொருத்தினார். பாங்கு கேட்டதும், "எழுத்த ஒட்டிட்டு திரையப் போட்டு வையி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். கிளார்க் ஒருத்தர் வெளியே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு பனியன் துணி, நான். ஆபீஸ் பெயர் எழுதிய துண்டுகளைத் தொடவே இல்லை. நான்கு விமானங்களில் இரண்டிரண்டு பெயர். இருப்பதிலேயே பெரியதில் மாமு பெயர், அதற்குக் கீழே அந்தக் கேள்வி. ஒற்றி எடுத்துவிட்டு, பட்டுத்திரையை இழுத்து மூடினேன். பிறகு வெளியே வந்து உங்களோடு ரோஸ்மில்க் வரிசையில் நின்றேன். ஆமாம், உங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

திரையை விலக்க வந்தவர் ஒரு ரிட்டயர்டு அதிகாரி. வயதானவர், கையோடு மூக்குக்கண்ணாடி வைத்திருந்தார். திரையை விலக்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, சிவப்பு எழுத்தை வாய்விட்டுப் படித்தார். ஏதோ மரியாதைக்கு எழுதியது என்று நினைத்திருப்பார். ஆபீஸில் பேர் கூப்பிடுவது மாதிரி, நிறுத்தி நிறுத்தி, பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று படித்தார். மூன்றாவது பெயருக்குப் பொட்டிப்புரம் என்று முடித்தபோது, கூட்டத்தின் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"அது எம் மகன்யா."

கேட்டில் நிற்பாரே, அந்தப் பெரியவர். இன்றைக்கு நல்ல நாள், நாலு பேர் முன்னால் கேட்டால் ஏஜென்ட் பதில் சொல்வார் என்று வந்திருக்கிறார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. அவர் அலமாரி வரைக்கும் வந்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்தின்மேல், கண்ணாடிக்கு வெளியே, கையை வைத்தார். அதிகாரி படிப்பதை நிறுத்திவிட்டார். வேறு யாரோ மீதியைப் படித்தார்கள். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

ஏஜென்ட் முன்னால் பாய்ந்து திரையை இழுத்தார். ஆட்கள் நெருக்கியதில் கண்ணாடி உடைந்தது. அவர் உள்ளே கையை விட்டுப் பெரிய விமானத்தை இறக்கையோடு பிடித்து இழுக்க, அப்போதுதான் வந்து சேர்ந்த அத்தா இன்னொரு இறக்கையைப் பிடித்துத் தடுத்தார். சைக்கிள் கம்பி வைத்த இறக்கை நின்றது. மற்ற இறக்கை முறிந்தது. அத்தா எழுத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை.

எவன் எழுதியது என்று ஏஜென்ட் கத்தினார்.

"நாந்தான்" என்றார் அத்தா.

ஏஜென்ட் அவர் சட்டையைப் பிடித்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. "ஒத்த ஆளுக்குத்தானப்பா பேசுனோம்? அடுத்த மாசம் உம் மச்சினன் பிளைட் ஏறியிருப்பான். ஊரு முழுக்கப் பேரெழுதி வச்சிருக்கியே."

இதை அவர் சொன்னபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, கேட்டில் நிற்கும் பெண்களோடு சேர்ந்து வந்திருந்தாள். அவள் காதில் விழுந்தது. அந்தப் பெண்கள் காதிலும் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆறு வாரத்துக்குப் பிறகு அம்மா அத்தாவோடு நேராகப் பேசினாள். உண்மையா என்று கேட்டாள். அத்தா சொன்னார். ஏஜென்ட் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். திறப்பு விழாவுக்குள் விமானங்கள் தயாராக வேண்டும். அம்மா கேட்டில் வந்து நிற்பது நிற்க வேண்டும். அதற்குப் பதிலாக, மாமு ஒருத்தருக்கு மட்டும் ஆள் பிடித்துப் பேசி, பாஸ்போர்ட்டை வாங்கி அனுப்பிவைப்பார். வெளியே தெரிந்தால் மற்ற எட்டுப் பேர் வீட்டாரும் வருவார்கள் என்பதால் யாரிடமும் சொல்லக் கூடாது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அம்மா.

"சொன்னா நீ அவுகளையும் சேத்துக்கச் சொல்லியிருப்ப" என்றார் அத்தா.

வேலைக்கு ஒத்துக்கொண்டால் அந்தப் பெண்களே அம்மாவைத் துரத்திவிடுவார்கள் என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அவள் அவமானப்படட்டும், தம்பி வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எட்டுப் பேரை விட்டுவிட்டு ஒருத்தரைக் கொண்டுவரப் பார்த்தார். இன்றைக்கு எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் செய்தது தப்பு என்று சொல்ல நான் வாயைத் திறந்தால், என் பிள்ளைகள் முகம் முன்னால் வந்து நிற்கிறது. அவர் செய்தது சரி என்று சொல்லப் போனால், பொட்டிப்புரத்துப் பெரியவரின் கை தெரிகிறது.

எழுதியது நான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். ஆறு வாரம் அவள் பக்கம் நின்று அவளுக்காகத்தானே செய்தேன்.

அம்மா என் இரண்டு கையையும் பிடித்து விரித்துப் பார்த்தாள். "ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் இந்தக் கை சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்றாள். கையை உதறிவிட்டு அடுப்படிக்குள் போனாள். லீவு முடிந்த அன்று காலை அத்தாவிடம், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள் என்றாள். அதன்பிறகு அவள் எனக்குச் சொன்னதெல்லாம் அத்தா வழியாகத்தான் வந்தது.

அதன்பிறகு நடந்தது ஊருக்குத் தெரியும். ஒன்பது குடும்பமும் தேனிக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தார்கள். பேப்பரில் வந்தது. ஆபீஸைப் பூட்டி சீல் வைத்தார்கள். இறக்கை முறிந்ததும் மற்ற நான்கும் உள்ளேயே கிடந்தன, பிறகு என்ன ஆயின என்று தெரியாது. ஏஜென்ட் ஊரைவிட்டுப் போனார். ஒரு வருடத்துக்குள் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். ஜெயமங்கலத்துத் தாய் மகனைக் கூட்டிக்கொண்டு, ஒரு கூடை மாம்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கதவைத் திறந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மூடிவிட்டாள். பொட்டிப்புரத்துப் பெரியவரின் மகன் வரவேயில்லை. என்ன ஆனார் என்று யாரும் எழுத்தில் சொல்லவும் இல்லை.

மாமு மூன்று வருடம் கழித்து வந்தார். விசாரணை வந்ததும் அவருடைய முதலாளி பயந்து, அவரை இன்னும் உள்ளே, ரோடே இல்லாத இடத்துக்கு மாற்றியிருக்கிறான். மூன்று கோடை அங்கே. ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. இருபத்தாறு வயதில் முன்தலை நரைத்திருந்தது. வந்த மறுநாள், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அங்கே கேள்விப்பட்டேன், யாரோ விமானத்தில் எங்கள் பெயரை எழுதினார்களாமே, யார் என்று கேட்டார்.

"நாந்தான்" என்றார் அத்தா. மூன்று வருடமாக வெளியாட்கள் யார் கேட்டாலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமு, நான்" என்றேன். எதற்காக எழுதினேன், எழுதாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும், எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு பேர் வந்ததையும் சொன்னேன். அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மாமு நல்ல காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார். தட்டில் விரலால் கோடு இழுத்தார்.

"ஏழு பேரு வந்தது நல்லதுதான். நான் அங்கன இருந்தா நானும் எழுதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "ஆனா அந்த மூணு வருசம் என்னோடது. அது நல்லதுக்குப் போச்சுன்னு எங்கிட்ட யாரும் சொல்ல வேணாம். நீயும் சொல்லாத" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து தட்டுகளை எடுத்தாள். என் தட்டை எடுக்கும்போது, "கையக் கழுவு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மாமு அதற்குப் பிறகு என்மேல் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. மறுபடி ஜீப் ஓட்டினார், கல்யாணம் செய்தார். அவர் மகளுக்குக் கையெழுத்து நன்றாக வர வேண்டும் என்று என்னிடம்தான் அனுப்பிவைத்தார். ஆனால் அன்று சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.